டேப்ல இருந்து ஆபீஸ் பிரிண்ட்டருக்கு வைஃபைல பிரிண்ட் போடுறது எப்படி? (முதல் தடவை செட் பண்றவங்களுக்கு)

போன மாசம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து போன். புதுசா ஒரு டேப் வாங்கியிருக்காங்க, கிளையன்ட்டுங்க வாட்ஸ்அப்ல அனுப்புற பில்லு, பேங்க் ஸ்டேட்மென்ட்டு எல்லாத்தையும் டேப்ல இருந்தே நேரா பிரிண்ட் போட்டுக்கலாம்னு ஆசை. "அண்ணா, பிரிண்ட்டர்லயும் வைஃபை இருக்கு, டேப்லயும் வைஃபை இருக்கு, ஆனா டேப்ல பிரிண்ட்டரே காட்டமாட்டேங்குது"ன்னு அங்க வேலை பாக்குற தம்பி சொன்னான். நான் போறதுக்குள்ள மூணு ஆப் இறக்கி வச்சிருக்கான், டேப்ப ஒரு தடவை மொத்தமா ரீசெட் வேற அடிச்சிருக்கான். போய்ப் பாத்தா டேப் மேல ஒரு குத்தமும் இல்ல. பிரிண்ட்டர் ஒரு ரவுட்டர்ல இருக்கு, டேப் வேற ரவுட்டர்ல இருக்கு, அவ்ளோதான்.

நான் பாத்த வரைக்கும் முக்காவாசி இடத்துல இதே கதைதான். எல்லாரும் டேப்ப கையில வச்சுக்கிட்டு அதுலயே நோண்டிக்கிட்டு இருப்பாங்க, ஏன்னா அதுதான கையில இருக்கு. நீங்க தலைகீழா ஆரம்பிங்க. முதல்ல பிரிண்ட்டர், அப்புறம் ரவுட்டர், டேப் கடைசி. இந்த வரிசையில போனா டேப்ல பண்ண வேண்டிய வேலை ரெண்டு நிமிஷம்கூட இருக்காது.

உங்க பிரிண்ட்டர் எந்த மாடல்னு பாருங்க

நம்ம ஊர் சின்ன ஆபீஸ்கள்ல இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்குற பிரிண்ட்டர்னா ஹெச்பி லேசர்ஜெட் 1020, ஹெச்பி எம்1005, கேனான் எல்பிபி2900 இந்த மாதிரிதான். உழைக்கிறதுல அடிச்சிக்க ஆளே இல்ல, சும்மா சொல்லக்கூடாது. ஆனா இதெல்லாம் வெறும் யூஎஸ்பி பிரிண்ட்டர். வைஃபையும் கிடையாது, நெட்வொர்க் கேபிள் சொருகுற ஓட்டையும் கிடையாது, அதனால டேப் அதுங்கள நேரா பாக்கவே பாக்காது. விண்டோஸ் கம்ப்யூட்டர்ல பிரிண்ட்டர ஷேர் பண்ணி விட்டா டேப்ல வந்துடும்னு சிலர் நினைக்கிறாங்க, அதுவும் வராது, அந்த ஷேரிங் இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டருக்காக. கொஞ்சம் லினக்ஸ் தெரிஞ்ச ஆள் இருந்தா ராஸ்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி அதுல கப்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் போட்டு பிரிண்ட்டர அதுல மாட்டி வைக்கலாம், வேலை செய்யும், ஆனா 1020 மாதிரி மாடலுக்கு ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்ல இருந்து ஃபர்ம்வேர் (பிரிண்ட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) ஏத்தியாகணும், அதனால புதுசா கத்துக்கிறவங்களுக்கு இந்த வழி வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஃபைல மெயில்லயோ டிரைவ்லயோ போட்டு கம்ப்யூட்டர்ல திறந்து பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க.

பிரிண்ட்டர் முன்னாடி வைஃபை சின்னம் இருந்தாலோ, பின்னாடி ரவுட்டர்ல மாட்டுற கேபிளுக்கான சதுர ஓட்டை இருந்தாலோ மேல படிங்க. பெட்டியிலயோ ஸ்பெசிஃபிகேஷன்லயோ ஏர்பிரிண்ட், மோப்ரியான்னு ரெண்டு பேர் இருக்கான்னு பாத்துக்கோங்க. ஏர்பிரிண்ட் ஆப்பிளோடது, 2010 நவம்பர்ல ஐஓஎஸ் 4.2 கூட வந்துச்சு. மோப்ரியா 2013ல ஹெச்பி, கேனான், சாம்சங், ஜெராக்ஸ் நாலு கம்பெனி சேந்து ஆரம்பிச்சது, ஆண்ட்ராய்டுக்கு அதான் பொது பாஷை. இந்த ரெண்டும் இருந்தா டிரைவர்னு எதையும் டேப்ல ஏத்தத் தேவையில்ல. அப்புறம் கூகுள் கிளவுட் பிரிண்ட்ல போய் பிரிண்ட்டர சேருங்கன்னு எங்கயாச்சும் படிச்சீங்கன்னா அது பழைய கதை, 2020 டிசம்பர் 31ஓட அதை மூடிட்டாங்க.

பிரிண்ட்டர நெட்வொர்க்ல ஏத்துறது

இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. வயர்லெஸ் பிரிண்ட்டிங்னா பிரிண்ட்டரும் வைஃபைலதான் இருக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல. பிரிண்ட்டர ஒரு கேபிள் போட்டு ரவுட்டர் பின்னாடி மாட்டிடுங்க, டேப் மட்டும் வைஃபைல இருந்தா போதும், ரெண்டும் ஒரே ரவுட்டர்லதான இருக்கு. ரவுட்டர் பக்கத்துலயே பிரிண்ட்டர் இருக்குன்னா கண்ண மூடிக்கிட்டு கேபிள் போடுங்க, பாஸ்வேர்ட் மாத்துனா பிரிண்ட்டர்லயும் போய் மாத்தணும், சிக்னல் விட்டு விட்டு வருது, இந்தத் தலைவலி எதுவும் இல்ல.

கேபிள் எட்டாதுன்னா வைஃபை. டச் ஸ்கிரீன் இருக்குற பிரிண்ட்டர்ல நெட்வொர்க் இல்ல வயர்லெஸ்னு ஒரு மெனு இருக்கும், அதுல வயர்லெஸ் செட்டப் விசார்ட் போட்டு உங்க வைஃபை பேரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்ட் அடிச்சா முடிஞ்சுது. ஸ்கிரீன் இல்லாத பிரிண்ட்டர்னா ரவுட்டர்ல டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காமலே சேக்குற) பட்டன் இருக்கான்னு பாருங்க, பிரிண்ட்டர்ல வைஃபை பட்டனை அழுத்திப் பிடிச்சு லைட் மின்ன ஆரம்பிச்சதும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ரவுட்டர்ல டபிள்யூபிஎஸ்ஸ அழுத்தணும். அதுவும் இல்லன்னா பிரிண்ட்டர் கம்பெனியோட ஆப்ப டேப்ல இறக்கி அது வழியா ஏத்துங்க. ஆப் லோக்கல் நெட்வொர்க்க பாக்கலாமான்னு கேக்கும், ஐபேட்ல ஐபேட்ஓஎஸ் 14ல இருந்து இந்தக் கேள்வி வருது, படிக்காம வேண்டாம்னு தட்டிட்டீங்கன்னா ஆப்புக்குப் பிரிண்ட்டர் கடைசி வரைக்கும் தெரியாது. செட்டிங்ஸ்ல பிரைவசி பக்கம் போய் லோக்கல் நெட்வொர்க்ல அந்த ஆப்புக்குத் திரும்ப அனுமதி குடுக்கணும்.

வைஃபை பேரே பிரிண்ட்டர்ல வரலையா? நிறைய பிரிண்ட்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடுதுன்னா அதுக்குக் கண்ணுல படாது. ரவுட்டர்ல ரெண்டையும் ஆன் பண்ணி வைங்க. டேப் 5ல இருந்தாலும் பிரிண்ட்டர் 2.4ல இருந்தாலும் பிரச்சினை இல்ல, ஒரே ரவுட்டர்னா ரெண்டும் பேசிக்கும். பேர் வருது ஆனா சரியான பாஸ்வேர்ட் போட்டும் ஏறலைன்னா ரவுட்டர் டபிள்யூபிஏ3ங்கிற புது பாதுகாப்பு முறை மட்டும்னு செட் ஆகியிருக்கலாம், பழைய பிரிண்ட்டருக்கு டபிள்யூபிஏ2தான் தெரியும், ரெண்டும் கலந்த மோட்னு ஒண்ணு இருக்கும், அதுல வைங்க.

ரெண்டும் ஒரே தெருவுலதான் இருக்கா?

இதுதான் முக்கியமான இடம், பொறுமையா பண்ணுங்க.

பிரிண்ட்டர்ல நெட்வொர்க் ரிப்போர்ட், இல்ல கான்ஃபிகரேஷன் பேஜ்னு ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்குற வசதி இருக்கும். அதை எடுங்க. அதுல ஐபி அட்ரஸ்னு (நெட்வொர்க்ல பிரிண்ட்டரோட விலாசம்) போட்டு 192.168.1.37 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். இப்போ டேப்ல வைஃபை செட்டிங்ஸ் போய் கனெக்ட் ஆகியிருக்குற பேரைத் தட்டுனா (ஐபேட்னா பேர் பக்கத்துல இருக்குற நீல வட்டத்த) டேப்போட ஐபி தெரியும். சின்ன ஆபீஸ்ல முதல் மூணு பகுதி ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும், கடைசி நம்பர் மட்டும் வேறயா இருக்கணும். பிரிண்ட்டர் 192.168.1.37, டேப் 192.168.1.52ன்னா நல்லது. டேப் 192.168.0.52ன்னு காட்டுனா ரெண்டும் வேற வேற தெரு, அதாவது வேற வேற நெட்வொர்க்.

ஏன் இது இவ்ளோ முக்கியம்னா, டேப் பிரிண்ட்டர எப்படித் தேடுதுன்னு புரிஞ்சா தெரியும். டேப் நெட்வொர்க்ல 224.0.0.251ங்கிற பொது அட்ரஸ்ல "யாராச்சும் பிரிண்ட்டர் இருக்கீங்களா"ன்னு ஒரு குரல் குடுக்கும், பிரிண்ட்டர் "நான் இருக்கேன், என் பேர் இது"ன்னு பதில் குடுக்கும். கீரைக்காரம்மா நம்ம தெருவுல கூவுனா நமக்குக் கேக்கும், அடுத்த தெருவுல நின்னு கூவுனா கேக்காது இல்லையா, அதே மாதிரி இந்தக் குரலும் ரவுட்டரத் தாண்டி அந்தப் பக்கம் போகாது.

அந்த ஆடிட்டர் ஆபீஸ்ல என்ன ஆச்சுன்னா, ஃபைபர்காரங்க குடுத்த பெட்டி ஒண்ணு ரிசப்ஷன்ல இருக்கு, அதுலயே வைஃபை வரும். உள் ரூமுக்கு சிக்னல் எட்டலைன்னு யாரோ இன்னொரு ரவுட்டர் வாங்கி கேபிள் இழுத்து மாட்டியிருக்காங்க, அதுக்கும் அதே பேரு, அதே பாஸ்வேர்ட். பாக்குறவங்களுக்கு ஒரே வைஃபை மாதிரிதான் தெரியும், ஆனா ரெண்டாவது ரவுட்டர் தனக்குன்னு ஒரு நெட்வொர்க் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. இதுக்கு சரியான மருந்து அந்த ரெண்டாவது ரவுட்டர ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் போடாம வைஃபை மட்டும் விடுற மோடு) மாத்துறது, இப்போ வர்ற நிறைய ரவுட்டர்ல இந்த ஆப்ஷன் இருக்கு. இல்லன்னா பழைய முறை: ரெண்டாவது ரவுட்டரோட டிஹெச்சிபிய (ஐபி நம்பர் குடுக்குற வேலைய) ஆஃப் பண்ணிட்டு, அதோட சொந்த ஐபிய மெயின் பெட்டியோட தெருவுலயே யாரும் வச்சிருக்காத ஒரு நம்பரா மாத்திட்டு, மெயின் பெட்டியில இருந்து வர்ற கேபிளை வேன் (வெளிய இருந்து நெட் வர்ற) ஓட்டையில இருந்து பிடுங்கி லேன் (ஆபீஸ் சாதனங்கள மாட்டுற) ஓட்டையில சொருகுங்க.

ஐபி ஒண்ணா இருந்தும் காட்டலைன்னா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, டேப் கெஸ்ட் வைஃபைல இருக்கா? கெஸ்ட் வைஃபையே வர்றவங்க நம்ம ஆபீஸ் சாமானத் தொடக்கூடாதுன்னுதான். இன்னொண்ணு, ரவுட்டர் செட்டிங்ஸ்ல ஏபி ஐசோலேஷன், இல்ல கிளையன்ட் ஐசோலேஷன்னு ஒண்ணு ஆன்ல இருக்கும், அது இருந்தா வைஃபைல இருக்குற ஒரு சாதனம் இன்னொண்ணோட பேச முடியாது. அதை ஆஃப் பண்ணுங்க. டேப்ல விபிஎன் ஏதாவது ஓடுதான்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க.

பெரிய கம்பெனின்னா நிலைமை வேற. அங்க வேணும்னேதான் தனித்தனி நெட்வொர்க்கா பிரிச்சு வச்சிருப்பாங்க, நீங்க ஒண்ணும் நோண்டாதீங்க, ஐடி டிபார்ட்மென்ட்ல கேளுங்க.

இப்போ டேப்

ஐபேட்னா செட்டிங்ஸ்ல எதுவும் பண்ண வேண்டாம். ஃபைலைத் திறந்து ஷேர் பட்டன் (சதுரத்துல இருந்து மேல அம்புக்குறி போற மாதிரி இருக்கும்), கீழ இறக்குனா பிரிண்ட், அதுல பிரிண்ட்டர் பேரைத் தேர்ந்தெடுத்து பிரிண்ட் அழுத்துங்க. மெயில் ஆப்ல மட்டும் ரிப்ளை அம்புக்குறிக்குள்ள பிரிண்ட் ஒளிஞ்சிருக்கும், ஏன்னு கேக்காதீங்க.

ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் மேல இருக்குற தேடுற கட்டத்துல பிரிண்ட்டிங்னு இங்கிலீஷ்ல அடிங்க, ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு இடத்துல வச்சிருக்கு. சாம்சங்ல கனெக்ஷன்ஸ் போய் மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ்ல இருக்கும், மத்ததுல பெரும்பாலும் கனெக்டட் டிவைசஸ்குள்ள. உள்ள போனா டிஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ்னு இருக்கும், அது ஆன்ல இருக்கணும். ஆண்ட்ராய்ட் 8ல இருந்து இது கூடவே வருது, அதைவிட பழைய டேப்னா பிளே ஸ்டோர்ல மோப்ரியா பிரிண்ட் சர்வீஸ் இறக்கிக்கோங்க. ஆன் பண்ணதும் கொஞ்ச நேரத்துல பிரிண்ட்டர் பேர் பட்டியல்ல வரும். அப்புறம் குரோம்லயோ ஜிமெயில்லயோ டிரைவ்லயோ மூணு புள்ளிய தட்டுனா நேராவோ ஷேருக்குள்ளயோ பிரிண்ட் இருக்கும், வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப்பா இருந்தா அதை டிரைவ் பிடிஎஃப் வியூவர்ல திறந்துட்டு அதே மூணு புள்ளி.

தேடியும் வரலைன்னா ஆண்ட்ராய்டுல ஐபி நம்பரைக் கையால போட்டு பிரிண்ட்டர சேக்கலாம், ஆட் பிரிண்ட்டர்னு இருக்கும். கீரைக்காரம்மா கூவுறது கேக்கலைன்னா அவங்க வீட்டு விலாசம் தெரிஞ்சு நேரா போற மாதிரி இது. ரெண்டு ரவுட்டர் இருக்குற இடத்துல கூட சில சமயம் இது கை குடுக்கும்: பிரிண்ட்டர் மெயின் பெட்டியிலயும் டேப் உள் ரவுட்டர்லயும் இருந்தா ஐபி போட்டா அடிச்சிடும், தலைகீழா இருந்தா நடக்காது. ஐபேட் செட்டிங்ஸ்ல இப்படி நம்பர் போட்டுச் சேக்குற இடமே கிடையாது, அதனால ஐபேட் வச்சிருக்கிறவங்க தெருவ ஒண்ணாக்கித்தான் ஆகணும்.

முதல் பிரிண்ட் போடும்போது ஒரே ஒரு பக்கம் இருக்குற ஃபைலா போடுங்க. ஸ்கேன் பண்ண நாப்பது பக்க பிடிஎஃப்ப எடுத்து போட்டா சின்ன பிரிண்ட்டர் கொஞ்ச நேரம் யோசிச்சிக்கிட்டுதான் நிக்கும், வேலை செய்யலைன்னு நினைச்சு திரும்பத் திரும்ப அழுத்துனா அத்தனையும் வரிசையில போய் உக்காந்துக்கும். அந்த தம்பி அஞ்சு தடவை அழுத்தியிருக்கான் போல, நெட்வொர்க்க சரி பண்ணி நான் நிமிரும்போது ட்ரே காலி ஆகுற வரைக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்டா வந்து விழுந்துச்சு. நிறுத்தணும்னா ஆண்ட்ராய்டுல மேல இருந்து நோட்டிஃபிகேஷன இழுத்து கேன்சல், ஐபேட்ல ஓடுற ஆப்கள் வரிசையில பிரிண்ட் சென்டர்னு ஒண்ணு நிக்கும், அதுல போய் கேன்சல்.

பேப்பர் சைஸ ஒரு தடவை பாத்துக்கோங்க. டேப்ல அமெரிக்கா ரீஜியன் போட்டிருந்தா லெட்டர் சைஸ்னு எடுத்துக்கும், பிரிண்ட்டர்ல ஏ4 இருக்கும், பேப்பர் இருந்தும் பேப்பர் வைங்கன்னு கேட்டு லைட்ட மின்னிக்கிட்டு நிக்கும். ரீஜியன இந்தியான்னு மாத்துனா தீந்துச்சு.

நேத்து வந்துச்சு, இன்னைக்குக் காணோம்

செட் பண்ணிக் குடுத்துட்டு வந்த ஒரு வாரத்துல வர்ற போன் இது. காரணம் கரண்ட் கட்டு. கரண்ட் போயிட்டு வரும்போது ரவுட்டர் முழுசா எழுந்திருக்க ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகும், பிரிண்ட்டர் அதுக்கு முன்னாடியே எழுந்து ஐபி கேட்டுப் பாத்துட்டு, குடுக்க ஆள் இல்லைன்னதும் தானே 169.254ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர எடுத்து வச்சிக்கும். ரிப்போர்ட் பேஜ்ல 169.254ன்னு பாத்தீங்கன்னா வேற எதையும் யோசிக்காதீங்க, ரவுட்டர் முழுசா ஆன் ஆனதுக்கு அப்புறம் பிரிண்ட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

இன்னொரு வகை, ரவுட்டர் திரும்ப வந்ததும் பிரிண்ட்டருக்குப் புது நம்பர் குடுத்திருக்கும், நேத்து 37, இன்னைக்கு 41. ஐபி போட்டுச் சேத்திருந்தீங்கன்னா பழைய நம்பர்ல யாரும் இல்ல. இதுக்கு ரவுட்டர்லயே அட்ரஸ் ரிசர்வேஷன்னு ஒரு இடம் இருக்கு. பிரிண்ட்டர் ரிப்போர்ட்ல மேக் அட்ரஸ்னு பன்னெண்டு எழுத்து இருக்கும், அதைப் போட்டு இந்தப் பிரிண்ட்டருக்கு எப்பவும் இந்த நம்பர்தான்னு எழுதி வச்சிட்டா முடிஞ்சுது. முடிஞ்சா ரவுட்டர ஒரு சின்ன யூபிஎஸ்ல மாட்டுங்க. பிரிண்ட்டர யூபிஎஸ்ல மாட்டாதீங்க, லேசர் பிரிண்ட்டர் சூடாகும்போது இழுக்குற கரண்ட்ட சின்ன யூபிஎஸ் தாங்காது.

நெட்வொர்க்கே இல்லாத இடத்துல, இல்ல அவசரத்துக்கு, வைஃபை டைரக்ட்னு ஒரு வழி இருக்கு. பிரிண்ட்டரே டைரக்ட்னு ஆரம்பிக்கிற பேர்ல ஒரு வைஃபை விடும், டேப்ப அதுல ஏத்திட்டு பிரிண்ட் போடலாம். ஆனா அந்த வைஃபைல இன்டர்நெட் வராது, அதனால ஃபைல முன்னாடியே டேப்ல இறக்கி வச்சிக்கோங்க, டிரைவ்ல இருக்கு இப்போ திறக்கலாம்னு போனா திறக்காது. சில பிரிண்ட்டர்ல இந்த வைஃபைக்கு 12345678ன்னு பாஸ்வேர்ட் வச்சே அனுப்புறாங்க, அதை மாத்திடுங்க, பக்கத்துக் கடையில இருந்துகூட உங்க டோனர்ல பிரிண்ட் எடுக்கலாம்.

தமிழ் ஃபைலும் பூட்டுன ஃபைலும்

பழைய ஆபீஸ் லெட்டர் எல்லாம் வானவில்லயோ பாமினியிலயோ டைப் பண்ணது நிறைய இருக்கும். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடுதான் முறைன்னு ஆணை போட்டாச்சு, ஆனா பழைய வேர்ட் ஃபைல் அப்படியேதான இருக்கு. அந்த ஃபான்ட் டேப்ல இருக்காது, திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கன்னாபின்னான்னு தெரியும், பிரிண்ட்டும் அப்படியேதான் வரும். பிரிண்ட்டர் கெட்டுப்போச்சுன்னு சர்வீஸுக்குப் போன் போடாதீங்க. அந்த ஃபான்ட் இருக்குற கம்ப்யூட்டர்ல திறந்து பிடிஎஃப்பா சேவ் பண்ணி டேப்புக்கு அனுப்புனா எழுத்து அதுக்குள்ளயே பொதிஞ்சு வந்துடும்.

டவுன்லோட் பண்ண ஆதார் பிடிஎஃப் மாதிரி பாஸ்வேர்ட் போட்டதா இருந்தா முதல்ல திறந்துட்டு பிரிண்ட் போடுங்க (ஆதாருக்கு பேரோட முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து கேப்பிட்டல்ல, கூடவே பிறந்த வருஷம்). திறக்காம ஃபைல நேரா பிரிண்ட்டர் ஆப்புக்கு ஷேர் பண்ணா எரர்தான் வரும்.

பெரிய ஜெராக்ஸ் மிஷின்னா ஆளாளுக்கு ஒரு கோடு நம்பர் குடுத்திருப்பாங்க, கோடு இல்லாம போற பிரிண்ட்ட மிஷின் சத்தமே இல்லாம தூக்கிப் போட்டுடும். டேப்ல போச்சுன்னு காட்டும், பேப்பர் வராது. அப்போ கோடு போட இடம் இருக்குற ஆப் வேணும், மோப்ரியா பிரிண்ட் சர்வீஸ்ல இருக்கு, இல்லன்னா மிஷின் கம்பெனியோட ஆப்.

எல்லாம் முடிஞ்சதும் வைஃபை பேரு, பிரிண்ட்டர் ஐபி, மாடல் நம்பர் மூணையும் எழுதி பிரிண்ட்டர் மேலயே ஒட்டி வைங்க, அடுத்த தடவை யாரு வந்தாலும் அங்க இருந்து ஆரம்பிக்கலாம். அந்த தம்பிகிட்டயும் சொல்லிட்டு வந்தேன். போன வாரம் அந்தப் பக்கம் போனப்போ பாத்தேன், பால்பாயின்ட் பேனால கோணல்மாணலா எழுதி செலோடேப் போட்டு ஒட்டியிருக்கான். ஏன்டா, இதை பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கலாமேன்னு கேட்டா, "அட, தோணவே இல்லண்ணா"ங்கிறான்.